சேகருக்குப் போன ஊர்

"கோட்டை அகழிக்குள்ள கடல் மீன் நீந்துதுண்ணே, பாருங்க" என்று ஜப்பானிலிருந்து சேகர் வீடியோ காலில் போனைக் கீழே சாய்த்துக் காட்டினான்.

நான் ஓமன் நாட்டுச் சலாலாவில், ஒர்க்‌ஷாப் தகரக் கொட்டகைக்கு அடியில், கவிழ்த்துப் போட்ட டிரம் மேல் உட்கார்ந்திருந்தேன். கையில் பால் இல்லாத டீ. வெளியே தூறல். வருஷத்தில் கொஞ்ச நாள் இங்கே இப்படித் தூறும், மலையெல்லாம் பச்சையாகிவிடும். அதைப் பார்க்க துபாயிலிருந்தும் ரியாத்திலிருந்தும் ஜனங்கள் குடும்பத்தோடு காரில் வருவார்கள். மழையில் நனைந்துகொண்டே பாய் விரித்துச் சாப்பிடுவார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நான் போன் திரையில் ஒரு மீன் வாலை ஆட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடலுக்கும் இதுக்கும் வாய்க்கா இருக்குண்ணே. கடல் ஏறினா இங்கயும் தண்ணி ஏறும். கடல் வத்தினா இதுவும் வத்தும்."

"மீன் பிடிக்கலாமா?"

"தெரியலண்ணே. யாரும் பிடிச்சுப் பார்த்ததில்ல."

"பின்ன எதுக்கு அகழி?"

அவன் சிரித்தான். என் வயிறு எரிவது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிடுகிறானா, தெரியாத மாதிரி நடிக்கிறானா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பிறகு குரலை இறக்கி, "அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும்" என்றான். அதற்குள் போர்மேன் ஹார்ன் அடித்துவிட்டார். டீ டைம் கலாஸ், முடிந்தது. மத்தியானம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

இந்தத் தொடரில் போன வாரம் என்னைக் குவைத்தில், கையில் பாஸ்போர்ட் இல்லாமல் நிறுத்திவைத்திருந்தேன். அவன் அங்கேயே நிற்கட்டும். இந்த வாரம் சேகர் கதையைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

பார்த்த ஊர்கள்

எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அறந்தாங்கியிலிருந்து கரூருக்கு ஓடிப்போய்த் துண்டு மடித்தேன். பம்பாயில் கப்பல் உடைக்கிற இடத்தில் வெல்டிங் கற்றுக்கொண்டேன். யாரும் கற்றுத் தரவில்லை, கண்ணாடி இல்லாமல் பார்த்துக் கண் வீங்கிக் கற்றுக்கொண்டேன். பிறகு மஸ்கட், தோஹா, குவைத், தம்மாம்.

கேம்பில் புதிதாக யார் வந்தாலும் என் கட்டிலுக்குத்தான் வருவார்கள். "அண்ணே, தோஹா எப்படி? குவைத்துல வெயில் எப்படி?" என்று கேட்பார்கள். நானும் சொல்லுவேன். உள்ளதைச் சொன்னால், நான் பார்த்தது எல்லாம் ஒரே ஊர்தான். பஸ், சைட், கேம்ப், மறுபடி பஸ். ஊர்ப்பெயர் மட்டும் மாறும். ஆனாலும் பத்து ஊர் பார்த்தவன் என்கிற பேர் எனக்கு இருந்தது. அந்தப் பேர்தான் என் சொத்து.

சேகர் பேராவூரணிக்காரன். ஐ.டி.ஐ. படித்துச் சர்டிபிகேட்டோடு தம்மாமுக்கு வந்தவன். என் கட்டிலுக்கு மேல்கட்டில். வந்த முதல் வாரமே, "அண்ணே, நீங்க ராடு பிடிக்கிறது புத்தகத்துல இருக்கிற மாதிரி இல்லையே" என்றான். நான் பிடிக்கிற மாதிரி புத்தகத்தை மாத்தச் சொல்லு என்றேன். ரூமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்த வார்த்தை உள்ளே தங்கிவிட்டது.

மோர்சான்

தம்மாமுக்கு வெளியே, கடலோரம், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஒரு பிளான்ட் கட்டினோம். அங்கே எங்கள் குழாய் வேலையைப் பார்க்க ஒரு ஜப்பான்காரர் வந்தார். பெயர் மோரி. அவர்கள் பெயரோடு சான் சேர்த்துச் சொல்ல வேண்டுமாம். நம் ஆட்கள் அவரை ஒரே நாளில் மோர்சான் ஆக்கிவிட்டார்கள். "மோர்சான் வர்றாரு, மொளகா எடுத்து வைங்கடா" என்பார்கள்.

ஒல்லியான மனுஷர். வயது அறுபதை ஒட்டி இருக்கும். காலையில் வேலை தொடங்குமுன் ஒரு ஸ்பீக்கரில் பியானோ போட்டு எல்லோரையும் கை கால் நீட்டச் சொல்லுவார். பட்டாணியர்கள், நேபாளிகள், பீகாரிகள், நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்று கையை மேலே தூக்கி இறக்குவோம். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

வெயில் நேர ஓய்வில் அவர் எங்களோடேயே கன்டெய்னர் நிழலில் உட்காருவார். எங்களுக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த இங்கிலீஷும் கொஞ்சம் இந்தியும்தான். அப்படி ஒருநாள்தான் அவருடைய ஊரைப் போனில் காட்டினார்.

"மை சிட்டி. இமாபாரி. ஸ்மால், ஸ்மால்" என்று விரல்களைக் குறுக்கினார்.

சின்னத் தெரு. ஓட்டு வீடுகள். ஒரு வீட்டு வாசலில் பூத்தொட்டி, சைக்கிள். தெரு முடிகிற இடத்தில், வீடுகளுக்கு மேலே, சிவப்பு நிறத்தில் ஒரு பெரிய சுவர். உற்றுப் பார்த்தால் அது சுவர் இல்லை. கப்பலின் மூக்கு.

"தெருவுக்குள்ள கப்பலா?" என்றேன்.

அந்த ஊரில் கப்பல் கட்டுகிறார்களாம். வீட்டை விட்டுக் காலையில் வெளியே வந்தால் தெருக்கோடியில் ஒரு கப்பல் வளர்ந்துகொண்டிருக்குமாம். வெல்டர்கள் வேலைக்கு நடந்தே போவார்களாம். ஊருக்கு எதிரே தீவுகள், தீவுக்குத் தீவு பாலம், பாலத்துக்குக் கீழே சுழித்துக்கொண்டு ஓடுகிற கடல், மலைச்சரிவில் ஆரஞ்சு மரம். எல்லாவற்றையும் காட்டினார்.

நான் கப்பலிலேயே நின்றுவிட்டேன். கப்பல் உடைக்கிற இடத்தில் தொழில் கற்றவன் நான். கட்டுகிற இடத்தைப் பார்த்ததே இல்லை. அதுவும் நடந்து போகிற தூரத்தில். பஸ் இல்லாமல்.

அன்றைக்கே தீர்மானித்தேன், இந்த ஊருக்கு நான் போகவேண்டும். மேல்கட்டிலில் படுத்திருந்தவனும் அன்றைக்கே அதையே தீர்மானித்திருக்கிறான்.

யோசி

மோர்சானிடம் ஒரு பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் விரலை நீட்டி ஒரு வார்த்தை சொல்லுவார். கேஸ் சிலிண்டரை விரலால் காட்டி, "யோஷி!" ஏணியைக் காட்டி, "யோஷி!" பெல்ட் கொக்கியைக் காட்டி, "யோஷி!"

எங்கள் கூட்டமே மிரண்டுபோயிற்று. "அண்ணே, இந்தாளு தமிழ் பேசுறாரு!"

பத்து ஊர் பார்த்தவன் நான்தானே. விளக்கம் சொன்னேன். "சிங்கப்பூர்ல நம்ம ஆளுங்களோட வேல பார்த்திருப்பாரு. அங்க பிடிச்ச வார்த்த. ஜப்பான்காரன் நாக்குல சி வராது, ஷிதான் வரும்." எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

நீங்கள் சிரிக்கலாம். நான் சொல்வதையும் கேளுங்கள். வளைகுடாவுக்கு வந்த நாளிலிருந்து என் காதில் விழுந்தது இரண்டே வார்த்தை. யல்லா, ஜல்தி. அரபி சொன்னாலும் மலையாளி சொன்னாலும் அதுதான். சீக்கிரம், சீக்கிரம். முதல் தடவையாக ஒரு பெரிய மனுஷர் என் எதிரே நின்று, விரலை நீட்டி, யோசி என்கிறார். ஏணியில் ஏறுமுன் யோசி. ராடைப் பற்றவைக்குமுன் யோசி. கூலிக்காரனை யோசிக்கச் சொல்கிற ஊர் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறதே என்று நினைத்தேன். அந்த ஊர் மேல் எனக்கு ஆசை முற்றிப்போனது இதனால்தான்.

கஷ்டம் எங்கே வந்ததென்றால், நான் போட்ட ஜாயின்ட்டைப் பார்த்தும் அவர் யோசி என்றார்.

குனிந்து, டார்ச் அடித்து, சுற்றி வந்து பார்ப்பார். பிறகு விரலை நீட்டுவார். "யோஷி!" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். நான் நின்று யோசிப்பேன். எதில் குறை? அடியிலா, ஓரத்திலா? கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பெரிய மனுஷர் சொல்லிவிட்டாரே. கிரைண்டரை எடுத்து, பற்றவைத்த மேல் வரியைத் தேய்த்துவிட்டுத் திரும்பப் போடுவேன். மறுநாள் வருவார், பார்ப்பார், மறுபடி "யோஷி!"

ரபீக் பாய் என்று பாகிஸ்தானி போர்மேன் எங்களுக்கு. கிரைண்டிங் டிஸ்க் எல்லாம் எங்கே போகிறது என்று அவர் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது.

தொப்பிக்காரர் வந்த நாள்

இமாபாரியில் சின்னதாகக் கப்பல் கட்டுகிற ஒரு யார்டிலிருந்து ஒருத்தர் வந்தார். கறுப்புத் தொப்பி. மோர்சானின் பழைய சிநேகிதராம். அவர்களுக்கு வெல்டர் பஞ்சம். ஒரே ஒரு ஆளுக்கு இடம். மோர்சான் இரண்டு பேரைச் சொல்லியிருந்தார், சேகரும் நானும்.

ஷெட்டில் ஆளுக்கு ஒரு இரும்புத் தகடு கொடுத்தார்கள். நான் போட்ட வரியை இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். பொன் சங்கிலியை வளைக்காமல் நீட்டிப் படுக்க வைத்தது போல விழுந்திருந்தது. சேகருடையது கடைசியில் ஒரு இடத்தில் தடித்திருந்தது. ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன். மனசுக்குள் பெட்டி கட்டிவிட்டேன்.

தொப்பிக்காரர் குனிந்தார். டார்ச் அடித்தார். விரலை நீட்டினார். "யோஷி!"

பக்கத்திலிருந்த மோர்சானும் விரலை நீட்டினார். "யோஷி!"

இரண்டு பேர் யோசிக்கச் சொல்கிறார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. யோசித்தேன். கிரைண்டரை எடுத்தேன்.

பொறி பறந்ததும் தொப்பிக்காரர் பின்னால் துள்ளினார். மோர்சான் கையை ஆட்டி, "நோ, நோ, கரு சான்! ஒய்?" என்று கத்தினார். என் பெயர் கருப்பையா. அவர் வாயில் அது கரு சான்.

நான் கிரைண்டரை நிறுத்தாமலே, "திங்கிங் சார், திங்கிங்" என்றேன்.

அடுத்தது சேகர். தொப்பிக்காரர் பார்த்தார், விரலை நீட்டினார், "யோஷி!" சேகர் கால்களைச் சேர்த்து நின்றான். தானும் தகட்டைப் பார்த்து விரலை நீட்டினான். "யோஷி!" என்று ஷெட் அதிரக் கத்தினான். தொப்பிக்காரர் முகத்தில் அன்றைக்கு முதல் சிரிப்பு வந்தது.

ரபீக் பாய் என் கையிலிருந்து கிரைண்டரைப் பிடுங்கினார். "பாகல் ஹோ கயா க்யா? பாஸ் போலா உஸ்னே! பாஸ்!"

எனக்குப் பைத்தியமா, என் வேலை பாஸ் என்றல்லவா அவர் சொன்னார் என்றார். யோஷி என்றால் சரி, நன்றாக இருக்கிறது, மேலே போ என்று அர்த்தமாம். ஜப்பானில் எல்லோரும் பார்த்துச் சரி என்று விரல் நீட்டி வாய்விட்டுச் சொல்லித்தான் வேலை செய்வார்களாம். அத்தனை நாளும் அந்த மனுஷர் என்னைப் பாராட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அத்தனை பாராட்டையும் நான் கிரைண்டர் வைத்துத் தேய்த்துவிட்டேன்.

பஸ்ஸில் சேகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நான்தான் முன்னாலயே சொன்னேனேண்ணே. போன்ல பார்த்தேன், அது யோசி இல்ல, சரின்னு அர்த்தம்னு. நீங்கதான், போன்ல போட்டவன் சைட்டுக்கு வந்து பார்த்தானான்னு கேட்டீங்க."

சொன்னான். மறுக்கவில்லை. ஆனால் ஒரு தடவைதான் சொன்னான். நல்ல மனசு இருந்தால் இரண்டாம் தடவை சொல்லியிருக்கலாம்.

துண்டு

அந்த ஒரு இடம் சேகருக்குக் கிடைத்தது. ஊருக்குப் போய் ஜப்பான் பாஷைப் பரீட்சை எழுதித் தேறி, இமாபாரி போய்ச் சேர்ந்தான். நான் தம்மாம் வேலை முடிந்து சலாலாவுக்கு வந்தேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒர்க்‌ஷாப். பழைய கன்டெய்னர்களுக்கு ஒட்டுப் போடுகிற வேலை. விசா கொடுத்த கபீல் நல்ல முதலாளி, சாப்பாட்டுக்குக் குறை இல்லை. அவன் அங்கே கப்பலுக்கு வயிறு வைத்துக்கொண்டிருக்கிறான், நான் இங்கே பெட்டிக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதைத் தவிரக் குறை ஒன்றும் இல்லை.

படம் அனுப்புவான். பாலத்தின் மேல் சைக்கிளில் அவன். ஆரஞ்சுத் தோட்டத்து ஓரத்தில், ஆள் இல்லாத ஒரு தட்டிக் கடை முன்னால் அவன். காசைப் போட்டுவிட்டுப் பழத்தை நாமே எடுத்துக்கொள்ள வேண்டுமாம். இரும்புக் கல்லில் கோழித்தோலை வைத்து, மேலே ஒரு பாரத்தை வைத்து அழுத்திப் பொரிப்பார்களாம். "நம்ம பரோட்டா கல்லு மாதிரிண்ணே!" என்று எழுதியிருந்தான். பரோட்டா கல் மாதிரி என்றால் பேராவூரணியிலேயே இருந்திருக்கலாமே என்று பதில் போட்டேன்.

ஒருமுறை ஊர் வழியாக, லீவில் போய்ச் சலாலாவுக்குத் திரும்பிய ஒருத்தர் கையில் எனக்கு ஒரு துண்டு கொடுத்து அனுப்பினான். அந்த ஊரில் துண்டு நெய்வதும் பெரிய தொழிலாம்.

கரூரில் துண்டு மடித்த கை இது. விரல் வைத்ததுமே தெரிந்துவிட்டது. பஞ்சு பஞ்சாக, தண்ணீரைக் கண்டதும் குடிக்கிற துண்டு. இப்படி ஒன்றைக் கரூரில் என் கையால் தொட்டதில்லை. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, அதனால் பாத்ரூம் வாசலில் கால் மிதியாகப் போட்டேன்.

இரண்டு நாளில் நானே எடுத்துத் துவைத்துத் தலையணைக்கு விரித்துக்கொண்டேன். சேகர் கேட்டபோது, பரவாயில்லை, கொஞ்சம் சாயம் போகுது என்றேன். சாயமே இல்லாத வெள்ளைத் துண்டு அது.

ஷட்டர் போட்ட தெரு

போனில் மேப் இருக்கிறதே, அதில் தெருவுக்குள் இறங்கி நடக்கலாம் என்று இங்கே ரூமில் ஒருத்தன் காட்டிக் கொடுத்தான். அவன் தன் வீட்டைப் பார்த்தான், மாமனார் வீட்டைப் பார்த்தான். நான் இமாபாரியில் இறங்கினேன்.

குறை கண்டுபிடிக்கத்தான் இறங்கினேன். கிடைத்தது. துறைமுகத்துக்குப் போகிற வழியில் கூரை போட்ட ஒரு நீளமான கடைத்தெரு. பாதிக்கு மேல் ஷட்டர் இறக்கிக் கிடந்தது. பாலம் வந்த பிறகு படகுக்கு ஆள் குறைந்து, கடைக்கும் ஆள் குறைந்துவிட்டதாக சேகரே பிறகு சொன்னான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உன் ஊர் இவ்வளவுதானா என்று தனியாகச் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை லீவு. ஆட்கள் தொழுகைக்கும் சமையலுக்கும் போய்விட்ட பிறகு, கட்டிலில் படுத்துக்கொண்டு விரலால் நடப்பேன். அந்த மூடின கடைகளில் என்ன விற்றிருப்பார்கள் என்று தெரியவேண்டியிருந்தது. போர்டு படிக்கத் தெரியாதே. அதற்காக எழுத்து ஒவ்வொன்றாகப் பிடித்தேன். முதலில் செருப்புக் கடை. பிறகு கடிகாரக் கடை. இன்னொன்று மீன்பிடிச் சாமான் கடை. எட்டாவதில் விட்டவன் மூடின கடைகளின் பெயரைப் படித்தே ஒரு பாஷையின் எழுத்தைப் பழகிக்கொண்டேன். ரூமில் யாருக்கும் சொல்லவில்லை.

தேடிப் போன குறையே எனக்குப் பிடித்துப்போயிற்று என்பதையும் சேகருக்குச் சொல்லவில்லை.

மத்தியானம்

சாப்பாட்டு நேரத்தில் திரும்பக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம் ஆகியிருந்தது. சேகர் கப்பல் யார்டு மதில் ஓரமாக நடந்துகொண்டிருந்தான். மதிலுக்கு மேலே கிரேன் தெரிந்தது.

"சொல்லு. என்ன விஷயம்?"

"இங்க இன்னொரு ஆள் வேணுமாம்ணே. வெல்டர். ஒரு வியட்நாம்காரன் ஊருக்குப் போயிட்டான். அந்த இடம்."

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"உங்க பேர் போயிருக்கு. சம்மதமான்னு கேக்குறாங்க. நாளைக்கு நான் பதில் சொல்லணும். நீங்க நம்ம ஊருக்குப் போயி பரீட்சை எழுதித் தேறிட்டீங்கன்னா முடிஞ்சது."

"மோர்சான் சொன்னாரா என் பேர?"

"இல்லண்ணே. அவர் ரிட்டயர்டு ஆகி வீட்டுல இருக்காரு. ஆரஞ்சு மரத்துக்குத் தண்ணி ஊத்திட்டுக் கெடக்காரு."

"தொப்பிக்காரரா?"

"அவருக்கு உங்கள ஞாபகம் இருக்குண்ணே. வேணாம்னுதான் மொதல்ல சொன்னாரு." அவன் மதில் ஓரமாக நின்றான். "நான்தான் சொன்னேன். அண்ணன் கையில வேல சுத்தம், அன்னைக்கு நடந்தது வார்த்தைத் தப்புன்னு வெளக்கிச் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சரின்னுட்டாரு."

மோர்சான் சொல்லியிருந்தால் அங்கேயே எழுந்து குதித்திருப்பேன். இவன் சொல்லியிருக்கிறான். மேல்கட்டில்காரன் சிபாரிசில் நான் அந்த ஊருக்குள் போகவேண்டும். அவனுக்கு நான் ஜூனியர். அவன் பழகின கடையில் அவன் வாங்கித் தருவான், அவன் பாலத்தில் அவன் சைக்கிளுக்குப் பின்னால் நான் மிதிக்க வேண்டும். நான் வாயைத் திறந்தால் வேண்டாம் என்றுதான் வரும் போலிருந்தது.

தகரத்தில் தூறல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒட்டுப் போட வேண்டிய பெட்டிகள் மழையில் வரிசையாக நின்றன.

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"பரீட்சைக்கு அந்த எழுத்தெல்லாம் படிக்கணும்ணே. கஷ்டமாத்தான் இருக்கும். மொதல்ல எனக்கும்..."

"அத நான் பார்த்துக்கறேன். சம்மதம்னு சொல்லு."

அவன் போனிலேயே கூவினான். பக்கத்தில் போன ஒரு கிழவி திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. "அண்ணே, நீங்க வர்ற அன்னைக்கு நான் லீவு போட்டுட்டு ஸ்டேஷனுக்கு வந்துடறேன். அப்படியே ஊரச் சுத்திக் காட்டி..."

"ஸ்டேஷனுக்கு வராத."

"ஏண்ணே?"

"வராதன்னா வராத. நானே வந்துக்கறேன்."

"உங்களுக்கு வழி தெரியாதேண்ணே!"

"நேரா போனா துறைமுகம். நடுவுல கூரை போட்ட கடைத்தெரு. வலது கைப்பக்கம் ஒதுங்கினா கோட்டை" என்றேன். "நீ வீட்டுல இருந்து சோத்த வடிச்சு வை."